ஊர் சிம் போனில் இருக்கும்போதே

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாடு கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் பத்து தடவை சரிபார்ப்பார்கள். போகிற நாட்டில் மக்கள் எந்தச் செயலியில் பேசிக்கொள்கிறார்கள் என்று மட்டும் விசாரிப்பதில்லை. வாட்ஸ்அப்தான் இருக்கிறதே என்ற நினைப்பு. தென்கொரியாவில் 2010-இல் வந்த காகாவோடாக்தான் எல்லோர் கையிலும். ஜப்பானில் லைன். 2011 மார்ச் நிலநடுக்கத்தில் தொலைபேசித் தொடர்பு திணறிப்போனது. இணையம் வழியே பேசிக்கொள்ள அதே ஆண்டு ஜூனில் லைன் வந்தது. தைவானிலும் தாய்லாந்திலும் அதுதான் புழக்கம். விடுதிக்காரரும் வழிகாட்டியும் "லைன் இருக்கிறதா?" என்றுதான் கேட்பார்கள்.

அங்கே இறங்கியதும் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். சிக்கலே அங்குதான். கணக்குத் தொடங்க செல்போன் எண்ணைக் கேட்கும். அந்த எண்ணுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் ஓ.டி.பி. வரும். நீங்களோ விமான நிலையத்தில் புது சிம் வாங்கிப் போட்டிருப்பீர்கள், ஊர் சிம் பர்சுக்குள் கிடக்கும். பயணிகளுக்கு விற்கும் சிம், அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் இ-சிம் பலவும் டேட்டாவுக்கு மட்டும்தான், எஸ்.எம்.எஸ். வாங்கும் எண்ணே அவற்றில் கிடையாது. ஓ.டி.பி. வராமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, ஊர் சிம் போனில் இருக்கும்போதே பதிவை முடித்துவிடுங்கள். பிறகு சிம்மை மாற்றினாலும் கணக்கு அப்படியே ஓடும், இணையம் இருந்தால் போதும். எண்ணை மாற்றவா என்று செயலி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பதிவின்போது அவசரத்தில் அடுத்தது, அடுத்தது என்று தட்டிவிடாதீர்கள். லைனில் டிக் போடும் இரண்டு கட்டங்கள் வரும். ஒன்று, உங்கள் போனில் உள்ள எண்களையெல்லாம் நண்பர்களாகச் சேர்ப்பது. மற்றது, உங்கள் எண்ணை வைத்திருப்பவர்கள் உங்களைச் சேர்க்க விடுவது. பயணத்துக்கு இரண்டுமே தேவையில்லை, டிக்கை எடுத்துவிடுங்கள். மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் மட்டும் மறக்காமல் பதிந்துவையுங்கள். போன் தொலைந்தால் வேறு போனில் கணக்கை மீட்க அவை வேண்டும்.

தங்கப்போகும் இடத்துக்காரரிடம், அவரைச் செயலியில் சேர்ப்பதற்கான க்யூ.ஆர். கோடு கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால்தான் வேலை முடிந்தது என்பேன். உங்கள் பெயரும் முகம் தெரிகிற படமும் இருந்தால், முன்பின் தெரியாதவரும் தயங்காமல் பதில் போடுவார். மொழி தெரியாத ஊரில் இப்படி எழுத்தில் பேசுவது பெரிய ஆறுதல். வந்த செய்தியை நகலெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, நிதானமாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லலாம். போனில் பேசினால் அந்த அவகாசம் கிடைக்காது.

இன்னொன்று. 2022 அக்டோபர் 15 அன்று தென்கொரியாவில் காகாவோடாக்கின் கணினிகள் இருந்த ஒரு டேட்டா சென்டரில் தீப்பிடித்து, காகாவோடாக் பல மணி நேரம் முடங்கியது. ஆகவே தங்குமிடத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அந்த நாட்டு எழுத்திலேயே ஒரு தாளில் அச்செடுத்து, கைப்பையில் வையுங்கள். டாக்சி ஓட்டுநரிடம் நீட்டினால் போதும்.

வணக்கம்.