கூட வருகிறவருக்கும் ஓர் அங்கி

வணக்கம் நண்பர்களே. உங்களில் சிலர் விரைவில் செய்தி சேகரிக்க உக்ரைனுக்குப் போகப்போவதாகச் சொன்னார்கள். அதனால் அங்கே நடந்தவற்றை வைத்தே பேசுகிறேன்.

2022 மார்ச் 14. கீவ் நகரை ஒட்டிய ஹொரெங்கா என்ற ஊரில் ஃபாக்ஸ் நியூஸ் குழு போன கார் தாக்குதலில் சிக்கியது. செய்தியாளர் பெஞ்சமின் ஹால் படுகாயத்தோடு உயிர் தப்பினார். ஒளிப்பதிவாளர் பியர் ஸக்ஷெவ்ஸ்கி இறந்தார். கூட இருந்த ஒலெக்சாந்திரா குவ்ஷினோவாவும் இறந்துபோனார். அவர் உக்ரைன் பெண், வயது 24. வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு வழிகாட்டுவது, உள்ளூர் மக்களிடம் பேச உதவுவது, தகவல் திரட்டித் தருவது அவர் வேலை. ஃபிக்ஸர் என்கிறோமே, அந்த வேலை.

முதலில் இவரைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. போர்முனைக்குப் போகும் வெளிநாட்டுக்காரர் தன் பாதுகாப்புக்கு நிறைய யோசிக்கிறார். குண்டு துளைக்காத அங்கி வாங்குகிறார், காப்பீடு எடுக்கிறார், பயிற்சி வகுப்புக்குப் போகிறார். கூட வரும் டிரைவருக்கும் ஃபிக்ஸருக்கும் இதெல்லாம் இருக்கிறதா என்று அங்கே போய் இறங்கிய பிறகுதான் கேட்கிறார். அப்போது கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே பட்ஜெட் போடும்போதே உங்களுக்கு ஒரு குண்டு துளைக்காத அங்கி என்றால் அவருக்கும் ஒன்று, அதே தரத்தில். தலைக்கவசம், முதலுதவிப் பை, காப்பீடு எல்லாம் அப்படியே. எடிட்டர் மறுத்தால் சண்டை போடுங்கள். அந்தச் சண்டையில் தோற்றால் போகாதீர்கள்.

அப்புறம் முடிவு எடுப்பது. காரில் இருக்கும் யாராவது ஒருவர் "திரும்பிவிடலாம்" என்றால் கார் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக்கூடாது. சாலையில் எதிரே ஒரு வண்டியும் வராதது, கடைகள் மூடிக் கிடப்பது, சந்தையில் குழந்தைகளே இல்லாதது, இதெல்லாம் உள்ளூர்க்காரர் கண்ணுக்கு உடனே படும். நமக்கு எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் நாள் சம்பளத்துக்கு வருகிறவர் திரும்பச் சொல்வாரா? பாதி வழியில் திரும்பினாலும் அன்றைய பணம் முழுதாகக் கிடைக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் சொல்வார். அதைக் கிளம்பும் முன் வாயால் சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு வாக்கியம் பல அபாயங்களைத் தவிர்த்திருக்கிறது.

நாட்டுக்குள் போவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. போலந்தின் பிஷெமிஷில் நகரிலிருந்து ரயிலில் போகிறவர்கள்தான் அதிகம். போர்ப் பகுதியில் வேலை செய்ய ராணுவம் தரும் அனுமதி அட்டை வேண்டும். செய்தியாளர் எந்த அளவுக்குப் போகலாம் என்பதை வைத்து 2023 முதல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பகுதிகளைப் பிரித்தார்கள். இன்றைக்கு எந்த ஊர் எந்த நிறம் என்பதைக் கிளம்பும் நாளில் கேளுங்கள். ஊரடங்கு நேரமும் ஊருக்கு ஊர் மாறும்.

'பிரஸ்' என்று எழுதிய நீல அங்கி நம்மைக் காப்பாற்றுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போர் விதிகளைச் சொல்லும் 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, பிரிவு 79, செய்தியாளரைப் பொதுமக்களில் ஒருவராகத்தான் பார்க்கிறது. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் 2025 அக்டோபர் 3 அன்று பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அந்தோனி லாலிகான் கிழக்கு உக்ரைனில் ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டார். கூட இருந்த உக்ரைன் புகைப்படக்காரர் காயமடைந்தார். ட்ரோன் பயம் வந்த பிறகு போர்முனைக்கு அருகே அந்த எழுத்தைக் கழற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எது சரி என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன், அங்கே தினமும் போய்வரும் உள்ளூர்ப் பத்திரிகையாளரைக் கேளுங்கள். ராணுவ உடை மாதிரித் தெரியும் எதையும் மட்டும் போடாதீர்கள்.

குண்டு விழுந்த இடத்துக்கு உடனே ஓடாதீர்கள். மீட்பவர்கள் கூடியதும் அதே இடத்தில் இரண்டாவது குண்டு விழுந்த நாட்கள் உண்டு. விழுந்த இடத்தைக் காட்டும் படத்தையும் உடனே வெளியிடாதீர்கள். அதைப் பார்த்துக் குறியைத் திருத்திக்கொள்ள எதிர்த்தரப்பில் ஆள் இருக்கிறார்கள்.

போர்ச் செய்தியாளர் மேரி கொல்வினை ஈழத்தமிழர்கள் மறக்க மாட்டார்கள். 2001இல் வன்னியிலிருந்து திரும்பும் வழியில் இலங்கை ராணுவம் சுட்டதில் இடது கண் பார்வையை இழந்தவர். அதோடு நிற்காமல் மறுபடி மறுபடி போர்முனைக்குப் போனார். 2012 பிப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில், செய்தியாளர்கள் தங்கியிருந்த வீட்டின்மீது நடந்த குண்டுவீச்சில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கோடு கொல்லப்பட்டார். சிரிய அரசே திட்டமிட்டுக் குறிவைத்தது என்று 2019இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முந்தைய நாள் இரவுதான் அவர் அங்கிருந்து தொலைக்காட்சிகளுக்கு நேரலையில் பேசியிருந்தார். அதனால்தான் சொல்கிறேன், தங்கும் இடத்திலிருந்து நேரலை வேண்டாம். பேச வேண்டிய கட்டாயம் என்றால் சுருக்கமாகப் பேசுங்கள், பேசியதும் இடத்தை மாற்றுங்கள். செல்போனில் யார் பெயர், யார் எண் இருக்கிறது என்று கிளம்பும் முன் பாருங்கள். அது பிறர் கையில் சிக்கினால் உங்களிடம் பேசியவர்களுக்குத்தான் ஆபத்து. நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும்.

கடைசியாக ரத்தம். 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ரட்டாவில் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் குண்டுச் சிதறல் பட்டு, மருத்துவமனைக்குப் போகும் வழியில் ரத்தம் இழந்து இறந்தார். ரத்தத்தை நிறுத்தத் தெரிந்தவர் கூட இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்பதை அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கரால் மறக்க முடியவில்லை. எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாக வேலை செய்யும் செய்தியாளர்களுக்கு முதலுதவி கற்றுத்தர ஓர் அமைப்பையே தொடங்கினார்.

பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்கள்தான். கை, கால் காயத்துக்கு டூர்னிக்கெட், அதாவது ரத்தத்தை நிறுத்த முறுக்கி இறுக்கும் பட்டை. காயத்துக்கு மேலே, மூட்டைத் தவிர்த்து, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். வலியில் அடிபட்டவர் கத்தினாலும் தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். தொடை இடுக்கில் டூர்னிக்கெட் கட்ட முடியாது. அங்கே துணியைக் காயத்துக்குள் திணித்து, உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்துங்கள். இதை உங்கள் டிரைவருக்கும் ஃபிக்ஸருக்கும் கற்றுக்கொடுங்கள். அடிபடுவது நீங்களாக இருந்தால் கட்டப்போவது அவர்தான்.

சரி, எல்லாரும் முன்னால் இருக்கும் டூர்னிக்கெட்டை எடுங்கள். இடது கையால் வலது கையில் கட்டிப் பாருங்கள். வலது கை அடிபட்டுவிட்டது, அதைப் பயன்படுத்தக் கூடாது. முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் காலில்.