சான்றிதழுக்குப் பிறகு: பணியிடத்தில் மனநல முதலுதவிப் பயிற்சி

அவையில் கூடியிருக்கும் நிறுவனப் பொறுப்பாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், மனநல முதலுதவிப் பயிற்சி பெற முன்வந்திருக்கும் ஊழியர்களுக்கும் என் வணக்கம்.

பணியிடத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் தெரியும். ஒருவர் ஆம்புலன்சை அழைப்பார், ஒருவர் கூட்டத்தை விலக்குவார், முதலுதவி கற்றவர் எவரேனும் அருகில் மண்டியிடுவார். அதே இடத்தில் இன்னொருவர் பல வாரங்களாகத் தூக்கமின்றி வருகிறார், முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த வேலையை நாள் முழுவதும் வைத்துக்கொண்டு திணறுகிறார், உணவு வேளையில் தனியே ஒதுங்குகிறார் என்றால், பக்கத்து இருக்கைக்காரர் அதைக் கவனித்திருப்பார். ஆனால் வாய் திறந்து கேட்டிருக்க மாட்டார். தவறாக எதையாவது சொல்லி நிலைமையை மோசமாக்கிவிடுவோமோ என்ற அச்சம் அவரைத் தடுக்கிறது. அந்த அச்சத்தைப் போக்கி அவரைக் கேட்கத் தெரிந்தவராக ஆக்குவதே இந்தப் பயிற்சியின் வேலை. அப்படிக் கேட்கப்பட்டவருக்கு ஏதேனும் நன்மை விளைந்ததா என்பதை வைத்துத்தான் பயிற்சியை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்று நான் பேசப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் உழைக்கும் வயதிலிருந்த பெரியவர்களுள் 15 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்தார்கள். மனச்சோர்வாலும் பதற்றக் கோளாறாலும் உலகெங்கும் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் இழக்கப்படுகின்றன என்றும், அந்த இழப்பின் மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலர் என்றும் அதே நிறுவனம் மதிப்பிடுகிறது. நிறுவனத் தலைவர்களிடம் பேசும்போது பண இழப்பைத்தான் பெரும்பாலும் முதலில் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கோ முதலில் சொன்ன எண்ணே முக்கியமாகத் தோன்றுகிறது. நூற்றுக்குப் பதினைந்து பேர் என்றால், ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு ஷிப்டிலும் அப்படி ஒருவராவது இருப்பார் என்று எண்ணி நடந்துகொள்வதே பொருத்தம்.

மனநல முதலுதவி என்ற பெயரில் முறைப்படுத்தப்பட்ட பயிற்சி 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. செவிலியரும் சுகாதாரக் கல்வியாளருமான பெட்டி கிச்சனரும், அவருடைய கணவரும் மனநல ஆய்வாளருமான ஆண்டனி ஜோர்மும் அதை உருவாக்கினார்கள். இளம் வயதிலிருந்தே மனச்சோர்வை அனுபவித்தவர் தாம் என்பதைக் கிச்சனரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் 9 மணி நேரமாக இருந்த பயிற்சி பின்னர் 12 மணி நேரமாக விரிந்து, பல நாடுகளுக்கும் பரவியது. எந்தச் சிக்கலில் எப்படி உதவ வேண்டும் என்ற வழிகாட்டுதல்களை வகுக்கும்போது, வல்லுநர்களோடு நோயை அனுபவித்தவர்களையும் அவர்களைப் பராமரித்தவர்களையும் சேர்த்துக் கேட்டு, அவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொண்டவற்றை மட்டும் ஏற்கும் டெல்ஃபி முறையைக் கையாண்டார்கள். உதவி பெற்றவரின் குரல் அங்கே தொடக்கத்திலேயே இடம்பெற்றிருந்தது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

அணுகுதல், நெருக்கடி இருக்கிறதா என்று பார்த்தல், தீர்ப்புச் சொல்லாமல் செவிமடுத்தல், ஆதரவும் தகவலும் தருதல், மருத்துவ உதவியை நாட ஊக்குவித்தல், குடும்பம் நண்பர்கள் போன்ற பிற துணைகளையும் சேர்த்துக்கொள்ளச் செய்தல் என்பவையே அந்தப் பயிற்சியின் அடிப்படை. பேரிடர்க் காலத்துக்கென உலகச் சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இதிலிருந்து வேறுபட்டது. அது வெள்ளம், போர், விபத்து போன்றவற்றில் சிக்கியவர்களுக்கு உடனடியாகத் துணை நிற்பதைப் பற்றியது. பணியிடத்தில் நாம் பெரும்பாலும் சந்திப்பது மெல்ல மெல்லப் பெருகும் துன்பம்; ஆகவே எந்தப் பயிற்சியை வாங்குகிறோம் என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, பயிற்சி நடத்துவோர் சிலர் பேசத் தயங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பயிற்சி பெற்றவர்களின் அறிவு கூடுகிறது, உதவ முடியும் என்ற நம்பிக்கை வளர்கிறது, மனநோய் குறித்த இழிவெண்ணம் குறைகிறது என்பதை ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. ஆனால் அவர்கள் உதவிய மனிதர்களின் மனநலம் மேம்பட்டதா என்ற கேள்விக்கு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பால் உறுதியான விடை எதையும் தர இயலவில்லை. அதற்குரிய தரமான சான்றுகள் போதவில்லை. இதைக் கேட்டுப் பயிற்சியையே கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி வகுப்பு முடிந்ததும் கணக்கை மூடிவிடும் வழக்கத்தைத்தான் கைவிடச் சொல்கிறேன். எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்று ஆண்டறிக்கையில் அச்சிடும் நிறுவனம், எத்தனை பேர் அவர்களை நாடி வந்தார்கள், நாடி வந்தவர்கள் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போய்ச் சேர்ந்தார்களா என்பதைப் பெயர் சுட்டாமல் அறிந்துகொள்ளும் ஏற்பாட்டையும் செய்திருக்க வேண்டும்.

பயிற்சி நேரத்தை எதில் செலவிடுகிறோம் என்பது அடுத்த கேள்வி. நோய்களின் பெயர்களையும் அறிகுறிகளையும் திரையில் காட்டி விளக்குவதிலேயே பாதி நாள் கழிந்துவிடுவது பல இடங்களிலும் நடக்கிறது. அறிகுறி தெரிய வேண்டும் என்பது உண்மை. ஆனால் முதலுதவி செய்பவர் நோயைக் கண்டறிபவர் அல்லர். ‘உங்களுக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது’ என்று சொல்லும் உரிமையும் தகுதியும் அவருக்கில்லை. அவருக்குத் தேவையானது, மாறுதலைக் கண்டதும் இயல்பாகப் பேச்சைத் தொடங்கும் பழக்கம். ‘எல்லோருக்கும்தான் கஷ்டம் இருக்கிறது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘சில வாரங்களாக நீங்கள் மிகவும் சோர்ந்து தெரிகிறீர்கள், நேற்றைய கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதனால்தான் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லித் தொடங்கினால், எதிரிலிருப்பவர் விரும்பினால் பேசலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். மறுத்தால், ‘சரி, எப்போது வேண்டுமானாலும் என்னிடம் சொல்லலாம்’ என்று கூறி விலகிவிட்டு, சில நாட்கள் கழித்து மீண்டும் ஒருமுறை கேட்பதும் முதலுதவியே. இந்தச் சில வாக்கியங்களை வாயால் சொல்லிப் பழகுவதற்கு ஒத்திகை வேண்டும். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் துன்பத்தில் இருப்பவராகவும் மற்றவர் கேட்பவராகவும் மாறி மாறிப் பேசிப் பழகும்போதுதான், அறிவுரை சொல்லாமல் இரண்டு நிமிடம் இருப்பதே எவ்வளவு கடினம் என்பது புரியும். கூச்சத்தால் பலரும் இந்த ஒத்திகையைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். பயிற்சியாளர் அதற்கு இடம் கொடுக்கலாகாது.

ஒத்திகையில் கட்டாயம் இடம்பெற வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ‘தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் உங்களுக்கு வருகிறதா?’ என்பதே அது. ஆண்டுதோறும் உலகில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள். அப்படியிருந்தும், இந்தக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்தவர் ஆகிவிடுவோம் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாக ஆய்வுகளில் சான்று இல்லை. மனதில் அடைத்து வைத்திருந்ததைச் சொல்ல வழி கிடைத்ததால் சுமை குறைந்ததாகவே பலர் உணர்கிறார்கள். ‘நீங்கள் அப்படியெல்லாம் தப்பாக ஒன்றும் யோசிக்கவில்லையே?’ என்று கேட்பது, ‘இல்லை’ என்ற பதிலை நாமே அவர் வாயில் வைப்பதாகும். நேராகவும் மென்மையாகவும் அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்க வேண்டும். ‘ஆம்’ என்று பதில் வந்தால், எப்படி என்று திட்டமிட்டிருக்கிறாரா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா, அதற்கான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இதற்கு முன் முயன்றதுண்டா என்று அறிய வேண்டும். ஆபத்து உடனடியானது என்றால் அவரைத் தனியே விடாமல், ஆபத்தான பொருட்களை அகற்றி, அவசர உதவிக்கு அழைக்க வேண்டும். ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று அவர் கெஞ்சினாலும் அந்த வாக்குறுதியைத் தரக் கூடாது. யாரிடம், எதற்காகச் சொல்கிறோம் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, தேவையானவர்களிடம் மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் சொல்ல வேண்டும்.

மற்ற நெருக்கடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திடீர்ப் பீதி ஏற்பட்டவருக்குப் படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் எல்லாம் வரும். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டிப் பின் தணியும். ஆனால் மாரடைப்பும் இதே போலத் தோன்றக்கூடும் என்பதால், முன்பு இப்படி வந்து மருத்துவர் உறுதிசெய்திருந்தாலன்றி, உடல்நல அவசரமாகவே கருதி மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும். இல்லாத குரல்கள் கேட்பதாகவோ தம்மைச் சிலர் கண்காணிப்பதாகவோ ஒருவர் சொன்னால், அதை மறுத்து வாதிடவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். ‘உங்களுக்கு இது எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது’ என்று அவருடைய உணர்வுக்கு மட்டும் பதில் சொல்லி, சூழ்ந்து நிற்பவர்களை விலக்கி, சிறு சிறு வாக்கியங்களில் அமைதியாகப் பேசுவது நல்லது. பணியிடத்தில் விபத்தோ மரணமோ நேர்ந்த பிறகு அனைவரையும் ஓர் அறையில் அமர்த்தி நடந்ததை விவரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அத்தகைய ஒரே அமர்வு விவரிப்பு கொடிய நிகழ்வின் நினைவு பின்னாளில் விடாது வாட்டும் மனவடு நோயைத் தடுப்பதில்லை என்பதால் உலகச் சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை.

யாருக்குப் பயிற்சி அளிப்பது என்பதில் நிறுவனங்கள் அவசரப்பட்டுத் தவறிவிடுகின்றன. மேலாளர்களுக்குப் பயிற்சி வேண்டும்; 2022இல் வெளியான பணியிட மனநல வழிகாட்டுதல்களிலும் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்துள்ளது. ஆனால் பதவி உயர்வையும் விடுப்பையும் தீர்மானிப்பவரிடம் தம் மனத்துயரைச் சொல்லப் பலர் முன்வர மாட்டார்கள் என்பதால், மேலாளர்கள் மட்டும் போதாது. இரவு ஷிப்டில் இருப்பவர், ஒப்பந்த ஊழியர், துப்புரவுப் பணியாளர், பெண்கள், ஆண்கள் என்று எல்லா மட்டங்களிலிருந்தும், விரும்பி வருபவர்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர்ப்பட்டியலை நிரப்புவதற்காக ஒருவரை அனுப்பினால் அவரிடம் யாரும் போக மாட்டார்கள். தம்மிடம் வந்தவர் சொன்னதை மனிதவளத் துறை கேட்டாலும் அவருடைய ஒப்புதலின்றிச் சொல்ல வேண்டியதில்லை என்றும், உயிராபத்து இருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு என்றும் எழுத்தில் உறுதி தரப்பட வேண்டும்.

ஆளெடுக்காமல் மூவர் வேலையை ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, அவர் தளர்ந்ததும் முதலுதவியாளரிடம் அனுப்பும் நிறுவனத்துக்கு நான் சொல்ல வேண்டியது கடுமையானது. அந்த 2022 வழிகாட்டுதல்கள் வேலையின் அமைப்பையே மாற்றுவதையும் பயிற்சியோடு சேர்த்தே வலியுறுத்துகின்றன. பணிச்சுமை, ஓய்வற்ற நேரம், அவமதிக்கும் மேலதிகாரி ஆகியவற்றைத் தொடாமல் விட்டால், முதலுதவியாளரிடம் வரும் வரிசை நீளுமே தவிரக் குறையாது. அந்த வரிசையை எதிர்கொள்ளும் முதலுதவியாளரும் மனிதர்தான். கேட்டதை மனதில் சுமந்துகொண்டு வீடு திரும்பும் அவருக்கு, தாம் பேசி இறக்கிவைக்க ஒரு வல்லுநரும், தேவைப்பட்டால் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும், பெற்ற திறன் மங்காமலிருக்க இடைவெளி விட்டு மறுபயிற்சியும் தரப்பட வேண்டும்.

பயிற்சித் திட்டங்கள் பலவற்றில் இடம்பெறாத இன்னொன்று, சிகிச்சை பெற்றவர் வேலைக்குத் திரும்பும் முதல் வாரம். மருத்துவமனைக்கு அனுப்பும் வரை எல்லோரும் அக்கறை காட்டுகிறார்கள். திரும்பி வந்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர் வருவதற்கு முன்பே அவரிடம் பேசி, தம் விடுப்பைப் பற்றிச் சக ஊழியர்களிடம் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று அவரே தீர்மானிக்கச் செய்யுங்கள். முதல் சில வாரங்களுக்கு வேலை நேரத்தைக் குறைத்து, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் நேரத்தை விடுப்பில் கழிக்காதீர்கள். மருந்தினால் காலையில் தூக்கக் கலக்கம் இருக்குமானால், அவர் தொடங்கும் நேரத்தைத் தள்ளி வையுங்கள். எந்திரம் இயக்குபவராகவோ வண்டி ஓட்டுபவராகவோ இருந்தால், மருத்துவரின் கருத்தைக் கேட்ட பிறகே அந்தப் பணியை மீண்டும் ஒப்படையுங்கள். அந்த வாரத்தில் முதலுதவியாளர் அவரிடம் நலம் கேட்க வேண்டியது எல்லோர் முன்னிலையிலும் அல்ல, தனியாக, அவர் ஒப்புக்கொண்ட நேரத்தில்.