கலங்கல் தண்ணீரில் பெயர் தெரியாத கப்பல்

(பாளையங்கோட்டையில், மாணவர்களும் கடற்கரை ஊர்க்காரர்களும் வந்திருந்த கூட்டத்தில் பேசியது)

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், உவரி, பெருமணல், இடிந்தகரைப் பக்கமிருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மூழ்கிய கப்பல் என்றதும் கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். நம் கரையில் பல நாள் அப்படி இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் தாமிரபரணி அத்தனை வண்டலையும் புன்னைக்காயல் பக்கம் கொண்டுபோய்க் கடலில் கொட்டும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் அலை அடிமணலையே கிளப்பிவிடும். நீட்டிய கை தெரியாது. அந்தத் தண்ணீரில் பெயர் தெரியாத ஒரு கப்பலை அளந்து, இது இன்ன காலத்துக் கப்பல் என்று சொல்ல முடியுமா? முடியும். கண் கைவிட்ட இடத்தில் கையும் அளவுநாடாவும் வேலை செய்யும்.

பூம்புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் நம் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே கடலுக்குள் ஆய்வு செய்தபோது, 1991இல், சுமார் 19 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பல் அகப்பட்டது. உள்ளே ஈயக்கட்டிகள். அவற்றில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற வருஷங்களும் பொறித்திருந்தன. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வருஷம் ஈயத்தின் வருஷம், கப்பலின் வருஷம் அல்ல. 1792க்கு முன்னால் அது மூழ்கியிருக்க முடியாது, அவ்வளவுதான் அதிலிருந்து உறுதியாகத் தெரியும். கப்பலின் பெயரை ஈயம் சொல்லாது.

சரி, கீழே போனால் என்ன செய்கிறோம்? 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு, ஆகவே சிலிண்டர் காற்றும் மூன்று மடங்கு வேகத்தில் தீரும். ஒரு முங்கில் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி கிடைக்கும், அதற்குள் போகவும் அளக்கவும் திரும்பவும் வேண்டும். மிதவையில் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் இறங்குவோம். கூட வருகிறவர் தெரியமாட்டார் என்பதால் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கயிறு இருக்கும், ஒரு இழுப்புக்கு என்ன அர்த்தம், இரண்டு இழுப்புக்கு என்ன என்று படகிலேயே பேசி முடித்துவிட வேண்டும். டார்ச்சை நேரே அடித்தால் மார்கழிப் பனியில் ஹெட்லைட் போட்டதுபோல வெளிச்சம் முகத்துக்கே திரும்பும், அதனால் பக்கவாட்டில் பிடிக்கிறோம். நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நகர்ந்தால் கிளம்புகிற சேறு பின்னால் போய்விடும். காலை வேகமாக உதைக்கிறவர் அன்றைய வேலையைக் கெடுத்துவிடுவார்.

முதல் வேலை, கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு நாடாவை இழுத்துக் கட்டுவது. அந்த நாடாதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். ஒரு நங்கூரம் கைக்குத் தட்டுப்பட்டால், நாடாவில் 5 மீட்டரிலிருந்து அதற்கு எவ்வளவு, 8 மீட்டரிலிருந்து எவ்வளவு, சரிபார்க்க 10இலிருந்து எவ்வளவு என்று எடுப்போம். ஒருவர் அங்கே பிடித்திருப்பார், மற்றவர் நாடாவை முகக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து எண்ணைப் படித்து, பிளாஸ்டிக் ஸ்லேட்டில் பென்சிலால் எழுதுவார் (தண்ணீருக்குள் பென்சில் நன்றாகவே எழுதும்). சாயங்காலம் கரையில் வரைதாளில் போட்டுப் பார்க்கும்போது மூன்று அளவும் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். சேரவில்லையா, மறுநாள் மறுபடி அந்த இடத்துக்கே போக வேண்டும். இப்படித்தான், ஒருவருமே முழுதாகப் பார்க்காத ஒரு கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகத் தாளில் வருகிறது.

சோனார் இருக்கிறதே என்பீர்கள். அது ஒலியால் வேலை செய்கிறது, கலங்கல் அதற்குத் தடையில்லை, உருவத்தையும் நீளத்தையும் தந்துவிடும். ஆனால் ஆணி செம்பா இரும்பா என்று கையுறை போட்ட விரல்தான் சொல்லும். இரும்பு, துருவும் மணலும் பிடித்துக் கட்டிகட்டியாக இருக்கும், செம்புத்தகடு வழவழப்பாக இருக்கும். பிரிட்டிஷ் கடற்படை 1780 வாக்கில்தான் தன் கப்பல்களின் அடிப்பாகத்தில் பெருமளவில் செம்புத்தகடு அடித்தது, வணிகக் கப்பல்களும் அப்புறம் அதைப் பின்பற்றின. தகடுகளை ரிவெட் அடித்து வரிசையாகச் சேர்த்திருந்தால் அது இரும்புக் கப்பல். வெல்டிங் தழும்பு தட்டுப்பட்டால் இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டோம்.

இதையெல்லாம் விட முக்கியமானது, கப்பல் எங்கே கிடக்கிறது என்று முதலில் யாருக்குத் தெரியும்? வலை கிழிந்தவருக்கு. கலவா மீன் எந்த இடத்தில் அடைந்து கிடக்கும் என்று அறிந்தவருக்கு. இலங்கையின் தென்கரையில் கொடவாய என்ற இடத்தில், 33 மீட்டர் ஆழத்தில், ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முந்தைய கப்பல் ஒன்று இருக்கிறது. இந்துமாக்கடலில் இதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பழையது அதுதான். 2003இல் அதைக் கண்டவர்கள் சங்கு குளிக்கப் போன மீனவர்கள். தூத்துக்குடியிலும் நம் கரையிலும் சங்கு குளிக்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு நாடாவும் ஸ்லேட்டும் கொடுத்துப் பழக்கினால் இந்தக் கடலில் அவர்களைவிட நல்ல ஆய்வாளர் கிடைக்கமாட்டார்கள், இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

கொற்கையைப் பற்றியும் கேட்பீர்கள். பாண்டியர் துறைமுகம் இன்றைக்குக் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, ஆறு கொண்டுவந்த வண்டலுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பலைத் தேடுகிறவர்கள் கடலை மட்டும் தேடினால் போதாது, வயலுக்கு அடியிலும் தேட வேண்டியிருக்கும்.

தயவுசெய்து எதையும் மேலே எடுக்காதீர்கள். சேற்றுக்குள் புதைந்த மரத்தைக் கப்பல்புழு தின்னாது, வெளியே எடுத்துக் காயவிட்டால் அது வெடித்துச் சுருங்கிப்போகும். சுவீடனில் கடலடியிலிருந்து 1961இல் தூக்கிய வாசா என்ற பழைய மரப் போர்க்கப்பலுக்கு, மரம் சுருங்காமலிருக்க 17 வருஷம் மருந்துக் கரைசல் தெளித்தார்கள். நங்கூரத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்கு விற்றால் கையில் கொஞ்சம் காசு வரும், ஆனால் அது எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பது போனது போனதுதான். வலை சிக்கினால் ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைக் குறியுங்கள், ஆழத்தையும் எழுதுங்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

நாடாவும் ஸ்லேட்டும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் நாற்காலிகளைக் கலைத்துப் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு இரண்டு பேராக இந்த அரங்கையே அளந்து பார்க்கலாம். கடற்கரைப் பிள்ளைகள் முதலில் வாருங்கள்.