ஆண்டுகளின் பெயரில் ஒரு பேரரசின் சரிவு

வணக்கம் நண்பர்களே. சுமேரியர்களின் கடைசிப் பேரரசான மூன்றாம் ஊர் வம்சத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ஊர் என்பது தலைநகரத்தின் பெயர்; அது இன்றைய தெற்கு ஈராக்கில் நாசிரியாவுக்கு அருகில் இருக்கிறது. கி.மு. 2112 வாக்கில் ஊர்-நம்மு அரியணை ஏறினார். கி.மு. 2004இல் எல்லாம் முடிந்துவிட்டது. மொத்தம் ஐந்தே அரசர்கள்.

திரையில் தெரிகிற களிமண் பலகையைப் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எத்தனை செம்மறி, எத்தனை வெள்ளாடு, யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்த மாதம் என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் ஆண்டைக் குறித்திருக்கிறார்கள். அந்த ஆண்டுக்கு எண் கிடையாது, பெயர்தான். மூன்றாம் அரசர் அமர்-சின் காலத்து ஓர் ஆண்டின் பெயர் "அமர்-சின் உர்பிலுமை அழித்த ஆண்டு". உர்பிலும் என்பது இன்றைய எர்பில். இப்படிப்பட்ட பலகைகள் சுமார் ஒரு லட்சம் கிடைத்திருக்கின்றன! ஒரு கூலியாளுக்கு மாதம் 60 லிட்டர் பார்லி அளந்தது வரை அவற்றில் இருக்கிறது.

இந்தக் கணக்கு வழக்கைக் கட்டி எழுப்பியவர், 48 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் அரசர் ஷுல்கி. மாகாணங்கள் முறை வைத்து வரி செலுத்த வேண்டும்; கால்நடைகள் நிப்பூர் நகருக்கு அருகில் இருந்த புஸ்ரிஷ்-தாகானுக்கு வந்து சேர வேண்டும். என்னை மலைக்க வைப்பது இந்த ஒழுங்குதான். ஆனால் எல்லாப் பாதைகளும் ஒரே மையத்துக்குப் போனதால், மையம் தளர்ந்தபோது தாங்கிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

அந்தத் தளர்ச்சி ஆண்டுப் பெயர்களிலேயே தெரிகிறது. நான்காம் அரசர் ஷூ-சின் ஓர் ஆண்டுக்கு, அமோரியர் என்ற மேற்கத்திய நாடோடி இனத்தவரைத் தடுக்கும் சுவரைக் கட்டிய ஆண்டு என்று பெயர் வைத்தார். மகாராஜா சுவர் கட்டியதைப் பெருமையாகச் சொல்கிறார் என்றால் எல்லையில் நெருக்கடி என்று பொருள். அடுத்து வந்த கடைசி அரசர் இப்பி-சின், ஊர், நிப்பூர் ஆகிய நகரங்களுக்கே மதில் எழுப்பி, அதை ஆண்டின் பெயராக்கினார். இதற்கிடையில் வேறொன்றும் நடந்தது. அவருடைய மூன்றாம் ஆண்டு வாக்கிலிருந்து புஸ்ரிஷ்-தாகான், உம்மா, கிர்சு என்று ஒவ்வோர் இடமாக அவருடைய ஆண்டுப் பெயரை எழுதுவதை நிறுத்தின. எட்டாம் ஆண்டு வாக்கில் நிப்பூரும் விலகிவிட்டது. எந்தப் போர்ச் செய்தியையும்விட இந்த மௌனம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தலைநகரில் பஞ்சம். தானியம் வாங்க மாரி நகரைச் சேர்ந்த அதிகாரி இஷ்பி-எர்ராவிடம் 20 தாலந்து (ஒரு தாலந்து சுமார் 30 கிலோ) வெள்ளி கொடுத்து அனுப்பினார்கள். அவர் எழுதியதாக ஒரு கடிதம் பிற்காலப் பள்ளிப் படிகளாக நமக்குக் கிடைத்திருக்கிறது, ஆகவே எண்களைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 72,000 குர் தானியத்தையும் வாங்கி இசின் நகரில் சேர்த்துவிட்டேன், அமோரியர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள், 600 படகுகள் அனுப்புங்கள், இசினையும் நிப்பூரையும் காக்கும் பொறுப்பை என்னிடம் கொடுங்கள் என்கிறார். ஒரு குர் சுமார் 300 லிட்டர். பட்டினி கிடக்கும் தலைநகரத்தின் சாப்பாடு முழுவதும் ஒரே ஆளின் கையில்! அவர் இசினில் தனி அரசராகவே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகும் இப்பி-சின் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தார் என்பதை மறக்காதீர்கள். அவரை வெறும் கையாலாகாதவர் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடைசியில் கிழக்கிலிருந்து ஏலாமியர்கள் வந்து நகரத்தைச் சூறையாடி, அவரைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். அவர் நாடு திரும்பவே இல்லை.

ஊர் நகரில் தங்கிவிட்ட ஏலாமியப் படையைச் சில ஆண்டுகள் கழித்து விரட்டியவர் யார் தெரியுமா? அதே இஷ்பி-எர்ரா. அந்த வெற்றியை அவரும் ஓர் ஆண்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்.