கீவ் நகரத்துப் புள்ளி ஈரானுக்குப் போன கதை

வணக்கம் நண்பர்களே. திரையைப் பாருங்கள், இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான லீஃப்லெட்டில் ஓர் உலக வரைபடம் திறந்திருக்கிறது. இதில் கீவ் நகரத்தின் மேல் ஒரு மார்க்கர், அதாவது இடத்தைக் காட்டும் புள்ளி, வைக்கப் போகிறேன். 2011-இல் இந்த லைப்ரரியை வெளியிட்ட வொலொதிமிர் அகாஃபோன்கின் உக்ரைன்காரர், அதனால்தான் அந்த ஊர்.

இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதிவைக்கும் வடிவம் ஜியோஜேசன். என்னிடம் இருக்கும் ஜியோஜேசன் கோப்பில் கீவுக்கு 30.52, 50.45 என்று இருக்கிறது. அப்படியே எடுத்து மார்க்கரில் போடுகிறேன். புள்ளி எங்கே போனது பாருங்கள்! ஈரானின் தென்மேற்கில். பிழைகளைக் காட்டும் பிரவுசர் கன்சோலில் ஒரு பிழைச் செய்திகூட இல்லை. அதுதான் எனக்குக் கவலை.

காரணம் இதுதான். ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. 2016-இல் வந்த அதன் தரநிலை ஆவணம் ஆர்எஃப்சி 7946 அப்படித்தான் சொல்கிறது. லீஃப்லெட்டில் மார்க்கர் வைக்கும்போது நேர்மாறு, அட்சரேகைதான் முதலில். தீர்க்கரேகை 90-ஐத் தாண்டிய ஊர் என்றால், மாறிப் போட்ட புள்ளி வரைபடத்தின் மேல் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும், உடனே கண்டுபிடித்துவிடலாம். 90-க்குள் இருக்கும் ஊர்தான் ஆபத்து. புள்ளி வேறொரு நாட்டில் போய் சாதாரணமாக உட்கார்ந்துவிடும், பார்ப்பவர் நம்பிவிடுவார்.

சரி, என்ன செய்வது? எண்களைக் கையால் மாற்றவே மாற்றாதீர்கள். கோப்பை முழுதாக லீஃப்லெட்டில் இருக்கும் எல்.ஜியோஜேசன் (L.geoJSON) என்ற ஃபங்ஷனிடம் கொடுங்கள், வரிசையை அதுவே திருப்பிக்கொள்ளும். இதோ, கீவுக்கு வந்துவிட்டது. நீங்களும் முன்கூட்டியே திருப்பி வைத்திருந்தால் மறுபடி ஈரான்தான். நான் ஒரு மாலை முழுக்கத் தேடியது இந்த இரட்டைத் திருப்பலைத்தான்.

அப்புறம், பக்கம் வெள்ளையாகவே இருந்தால் வரைபடம் உட்காரும் டிவ் (div) என்ற பெட்டிக்கு, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் உயரம் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். பின்னணிப் படம் 256 பிக்சல் டைல்களாக, அதாவது சதுரத் துண்டுகளாக, வருகிறது. ஜூம் 0-இல் உலகம் முழுக்க ஒரே டைல், ஒவ்வொரு படியிலும் நான்கு மடங்கு. ஜூம் 10-இல் பத்து லட்சத்துக்கும் மேல். திரைக்கு வேண்டியதை மட்டும் எடுப்பதால்தான் இவ்வளவு வேகம்.

கீழே வலது மூலையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று சின்ன எழுத்தில் தெரிகிறதா? அழகு கெடுகிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள். இந்த வரைபடத்தைத் தெருத்தெருவாக வரைந்து கொடுத்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய நன்றி, உரிமத்தின் நிபந்தனையும்கூட.