இரண்டு பக்கமும் கண்டனம்

வணக்கம் நேயர்களே. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் மோதிக்கொண்டபோது, டீக்கடையிலிருந்து வாட்ஸ்அப் குழு வரை எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சவுதி, கத்தார், அமீரகம் எல்லாம் யார் பக்கம்?

ஜூன் 13 அன்று இஸ்ரேல் தாக்குதலைத் தொடங்கியதுமே சவுதி வெளியுறவு அமைச்சகம் ஈரானை "சகோதர நாடு" என்று சொல்லி, இஸ்ரேலைக் கண்டித்து அறிக்கை விட்டது. 2016-ல் இதே ஈரானோடு தூதரக உறவை முறித்துக்கொண்ட நாடு அது, 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் வைத்துத்தான் சமாதானமானார்கள். சரி, அப்புறம் பத்து நாள் கழித்து, ஜூன் 23 இரவு, தன் அணு நிலையங்களை அமெரிக்கா தாக்கியதற்குப் பதிலடியாக, கத்தாரில் இருக்கும் அல் உதெய்த் அமெரிக்க விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை விட்டதும் அதே சவுதி ஈரானையும் கண்டித்தது. மதில் மேல் பூனை என்று நம்மில் பலர் சிரித்தோம். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து சூடுபட்டவர்கள் இவர்கள்.

1980-ல் ஈராக் அதிபர் சதாம் உசேன் ஈரான் மீது படையெடுத்தபோது வளைகுடா அரசுகள் பயந்து போயின. அடுத்த வருஷமே, 1981 மே மாதம், ஆறு நாடுகள் சேர்ந்து வளைகுடா ஒத்துழைப்பு மன்றம் அமைத்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். ஈரான் புரட்சி தங்கள் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்று சவுதியும் குவைத்தும் சதாமுக்குக் கோடி கோடியாகக் கடன் கொடுத்தன. (அரபு நாடுகள் எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு: சிரியா அப்போது ஈரான் பக்கம் நின்றது.) பதிலுக்கு ஈரான் குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களைக் குறிவைத்தது, 1987-ல் குவைத் தன் கப்பல்களில் அமெரிக்கக் கொடியை ஏற்றி ஓட்ட வேண்டியதாயிற்று. எட்டு வருஷப் போர் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, கடனைத் தள்ளுபடி செய், எண்ணெயை அளவுக்கு மீறி எடுக்காதே என்று மிரட்டிக்கொண்டிருந்த சதாம் 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத்துக்குள்ளேயே படையோடு நுழைந்துவிட்டார்.

இன்னொரு பயம் தண்ணீர். கத்தாரில் குடிக்கும் தண்ணீர் ஏறக்குறைய எல்லாமே கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. ஈரானின் புஷேர் அணு உலை இருப்பதோ அதே வளைகுடாவின் எதிர்க்கரையில், டெஹ்ரானைவிட குவைத்துக்கும் தோஹாவுக்கும்தான் அது பக்கம். அந்த உலை மீது தாக்குதல் நடந்து கடல் கெட்டால் மூன்றே நாளில் குடிநீர் தீர்ந்துவிடும் என்று முன்பு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்ததையும், அதன் பிறகுதான் பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டியதையும் கத்தார் பிரதமரே 2025 மார்ச்சில் ஒரு பேட்டியில் சொன்னார். எரிவாயுவும் அப்படித்தான். கத்தாருக்குச் சோறு போடும் வயலும் ஈரானின் தெற்கு பார்ஸ் வயலும் கடலுக்கு அடியில் ஒரே வயல், அதன் ஈரானியப் பகுதிக்கான கரை ஆலை மீது ஜூன் 14 அன்று இஸ்ரேல் குண்டு போட்டது. இவர்களுக்கு ஈரானைப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் ஈரான் எரிந்தால் புகை யார் வீட்டுக்குள் வரும் என்று தெரியும்.

ஜோர்டானின் பாடு வேறு. இஸ்ரேலோடு 1994-லேயே சமாதான ஒப்பந்தம் போட்ட நாடு, மக்களில் பெரும்பகுதி பாலஸ்தீன வம்சாவளி, இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் நடுவே அதன் வானம். 2024 ஏப்ரலில் இஸ்ரேலை நோக்கிப் போகையில் தன் வான்வெளிக்குள் வந்த ஈரானிய டிரோன்களைச் சுட்டு வீழ்த்திவிட்டு, இது எங்கள் தற்காப்பு, யாருக்காகவும் செய்யவில்லை என்றது. சொந்த மக்களில் எத்தனையோ பேர் நம்பவில்லை.

அல் உதெய்த் தாக்குதலன்று கத்தார் வான்வெளி மூடப்பட்டு, தோஹா போக வேண்டிய விமானங்கள் பாதியில் திரும்பியதும், நம்ம ஊரில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்குப் போன் போட்டுத் தவித்ததும் நினைவிருக்கும். அந்த அடியை வாங்கிக்கொண்டே போர்நிறுத்தத்துக்குத் தூது போனதும் கத்தார்தான்.

அதற்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். மூன்று மாதம் முடியவில்லை, செப்டம்பர் 9 அன்று பாலஸ்தீன ஹமாஸ் இயக்கத் தலைவர்களைக் குறிவைத்து தோஹாவிலேயே இஸ்ரேல் குண்டு போட்டது, கத்தாரின் பாதுகாப்புப் படை வீரர் ஒருவரும் இறந்தார். அமெரிக்கத் தளம் இருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் அடி. அடுத்த வாரமே, செப்டம்பர் 17 அன்று, ரியாத்தில் சவுதி ஒரு ராணுவ ஒப்பந்தம் போட்டது: ஒருவர் மீது கை வைத்தால் இருவர் மீதும் வைத்ததாக அர்த்தம் என்று. கையெழுத்துப் போட்ட மறு தரப்பு அமெரிக்கா அல்ல, பாகிஸ்தான்.