மஃபாத்துக்கு இறங்கும் வழி

(நாகர்கோவிலில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

இந்த மேசைமேல் இரண்டு கற்களை வைத்திருக்கிறேன். வெளிறிய கல், மயிலாடியில் ஒரு சிற்பக்கூடத்து வாசலில் உளிக்குத் தெறித்து விழுந்த சில்லு. கறுப்புக் கல், புணே அருகே சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் என் மருமகன் எடுத்து வந்தது. உரை முடிந்ததும் இரண்டும் உங்கள் கைக்கு வரும். அதற்கு முன், அந்தக் கறுப்புக் கல்லின் தாயாதிகளால் ஆன ஒரு தீவின் பள்ளத்தாக்குகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது ரீயூனியன். பிரான்சு நாட்டின் ஆட்சிக்குட்பட்ட அந்தத் தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். அந்தக் கதையை இந்த ஊரில் பலர் பேசிக் கேட்டிருப்பீர்கள். கரும்பு விளைந்தது கடலோரச் சரிவுகளில். நான் போனது தீவின் நடுவயிற்றுக்கு.

ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியத் துணைக்கண்டம் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் ஒரு வெப்ப ஊற்றின்மேல் அதன் மேற்குப் பகுதி வந்து நின்றது. தக்காணத்தைப் படிப்படியாக மூடிய எரிமலைக் குழம்பு அப்போது வெளிவந்ததுதான் என்பது புவியியலாளர்களின் பரவலான கருத்து. நிலம் நகர்ந்துவிட்டது, ஊற்று அடுப்புபோல் கீழேயே இருந்தது. நகரும் தரையில் அது இட்ட சூட்டுத் தழும்புகளே லட்சத்தீவு, மாலத்தீவு ஆகியவற்றின் அடித்தளமும் மொரீசியசும். இன்று அந்த அடுப்பு எரிவது ரீயூனியனில். புணேக் கல்லை நான் கொண்டுவந்த காரணம் இதுதான். நம் குமரி மாவட்டப் பாறைகளுக்கு இந்தக் கதையில் பங்கில்லை. அவை ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை.

தீவின் நடுவே பிதோன் தெ நேஜ் என்ற எரிமலை, 3,000 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்து நிற்கிறது. அது அடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சுற்றி, மூன்று பெரிய அண்டாக்களைப் புதைத்து வைத்ததுபோல மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்று மூன்று பெரும்பள்ளங்கள். இவற்றை எரிமலை வாய் என்று நினைத்துவிடக் கூடாது. மலை தன் பாரம் தாங்காமல் சரிந்ததும், சரிந்ததை மழை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோனதும் சேர்ந்து உண்டானவை. மஃபாத் என்பது, தோட்டங்களிலிருந்து தப்பி இந்தப் பள்ளங்களில் ஒளிந்து வாழ்ந்த அடிமைகளின் தலைவர் ஒருவருடைய பெயர். அவர் அங்கே ஒளிந்ததன் காரணம் இறங்கிப் பார்த்தால் விளங்கும். இன்றுவரை அதனுள் செல்ல வண்டிப்பாதை கிடையாது. அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு வருகின்றன. இவ்ரேன் போசே என்ற தபால்காரர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இந்தச் சிற்றூர்களுக்குக் கடிதங்களைச் சுமந்தபடி நடந்தே போய்வந்தார்.

நான் காலை ஆறரை மணிக்குக் கணவாயிலிருந்து இறங்கத் தொடங்கினேன். அங்கே வெயில் ஏற ஏறப் பள்ளத்திலிருந்து மேகம் எழுந்து, பெரும்பாலும் உச்சிவேளைக்குள் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே நடப்பவர்கள் விடியலில் புறப்படுகிறார்கள். சேற்றில் மரக்கட்டைகளைக் குறுக்கே பதித்த படிகளில் இறங்கினால், ‘புளியமரச் சமவெளி’ என்று பெயர் பெற்ற ஒரு காடு வருகிறது. ஆசையோடு அண்ணாந்து பார்த்தேன். ஒரு புளியங்காயும் இல்லை. அது வேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மலைமரம்.

காட்டைக் கடந்ததும் சுவர் தெரிந்தது. நம் ஊரில் மலை என்றால் உருண்ட தோள்; மருத்துவாமலையைப் பார்த்தாலும், கீரிப்பாறைப் பக்கத்து மலைகளைப் பார்த்தாலும், மழையும் காற்றும் காலங்காலமாகத் தடவித் தேய்த்த மொழுமொழுப்பு தெரியும். அங்கே மலை என்பது நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் ஒரு வெட்டு. அந்த வெட்டில் அடுக்கு அடுக்காகக் கோடுகள். ஒவ்வொரு கனமான கறுப்பு அடுக்கும் ஒரு பெருக்கில் ஓடி உறைந்த குழம்பு. அவற்றுக்கிடையே செம்பழுப்பில், கையால் தட்டினாலே உதிரக்கூடிய சாம்பலும் கல்நொறுங்கலும். இந்த அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு மேலே ஏறும் கறுப்புப் பட்டைகளும் உண்டு. அவை குழம்பு பிளவுகளுக்குள் புகுந்து இறுகியவை. பள்ளத்தாக்கு உருவாகும் முறை முழுவதும் அந்தச் சுவரில் இருக்கிறது. நீர் முதலில் மெத்தென்ற அடுக்கைத் தின்கிறது; அடியில் பிடிப்பு போனதும் மேலே இருக்கும் கனத்த அடுக்கு பெயர்ந்து விழுகிறது; விழுந்ததை ஆறு உருட்டுகிறது. மஃபாத்திலிருந்து வெளியேறும் ஆற்றின் பெயரே ‘கூழாங்கல் ஆறு’.

ஆகவே அங்கே பாதைகள் நிலையானவை அல்ல. 1875ஆம் ஆண்டு சலாசியில் மலைச்சரிவு ஒன்று ஒரு குடியிருப்பையே மூடி, அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மழையின் அளவைச் சொன்னால் இதில் வியப்பிருக்காது. 1966 ஜனவரியில் புயலின்போது ஃபோக்-ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. நாகர்கோவிலில் ஓராண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகம். 2007 பிப்ரவரியில் கொம்மெர்சோன் எரிமலை வாயருகே மூன்று நாட்களில் 3,929 மில்லிமீட்டர். இரண்டும் உலக அளவில் பதிவான உச்சங்கள்.

இடுக்கான பள்ளத்தில் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற வானத்திலிருந்து வருவதில்லை என்பதை நான் கற்றது ரீயூனியனில் அல்ல, காளிகேசத்தில். கல்லூரி நாட்களில் ஐந்து பேராக ஆற்றுக் கயத்தில் குளித்துக்கொண்டிருந்தோம்; தலைக்குமேல் நல்ல வெயில். முழங்காலளவு தண்ணீரில் முதலில் சருகுகள் வந்தன. பிறகு தண்ணீர் தேயிலைச் சாயம்போல் நிறம் மாறியது. பச்சை மண் வாசம் அடித்தது. எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கரையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வாளியோடு போன பெரியவர் ஒருவர், “ஏறுங்க மக்களே, மேல மழை பெய்யுது, வெள்ளம் வருது” என்று கத்தினார். ஏறினோம். என் செருப்பையும் நண்பனின் சட்டையையும் ஆறு கொண்டுபோயிற்று. நீருக்கடியில் கற்கள் ஒன்றோடொன்று முட்டும் ‘கடக் கடக்’ ஓசையை அன்றுதான் கேட்டேன்.

மஃபாத்தில் இரண்டாம் நாள் பிற்பகல் ஆற்றைக் கடக்கவேண்டிய இடத்தில் அதே சாய நிறத்தைப் பார்த்ததும், வந்த வழியே திரும்பிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள் சிரித்தார்கள். வரைபடத்தில் பாதை அந்த ஆற்றின் குறுக்கேதான் போகிறது என்று காட்டினார்கள். சிறிது நேரம் கரையில் நின்று பார்த்துவிட்டு அவர்களும் என் பின்னாலேயே ஏறி வந்தார்கள்.

நம் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மேட்டு நிலத்தை விளை என்றும், இரு மேடுகளுக்கு நடுவே நெல் விளையும் தாழ்நிலத்தை ஏலா என்றும் சொல்கிறோம். நமக்குப் பள்ளம் என்றால் வண்டல் தங்கும் இடம், சோறு தரும் இடம். மலைப்பிளவுக்குப் பழந்தமிழில் விடர் என்ற சொல் இருக்கிறது. ஆனால் அன்றாடப் பேச்சில் அது நம்மிடம் இல்லை. மஃபாத்தின் சுவரடியில் நின்றபோது எனக்கு வாயில் வந்த சொல் விடர்தான். வண்டல் அங்கே தங்குவதில்லை. தங்கும் வயது அந்த நிலத்துக்கு இன்னும் வரவில்லை.

சரி, கற்களை அனுப்புகிறேன். வலப்பக்க வரிசையிலிருந்து தொடங்கலாம். மயிலாடிச் சில்லில் உடைந்த முகத்தைச் சாய்த்துப் பிடித்தால் மணிகள் மினுங்கும். கறுப்புக் கல்லில் இருக்கும் குழிகள், குழம்பு உறையும்போது வாயு சிக்கிய இடங்கள். சிலவற்றில் வெள்ளையாகப் படிந்திருப்பது பின்னால் ஊறிய நீர் விட்டுச்சென்ற கனிமம். அந்தக் குழிகளின் விளிம்பு கூர்மையானது, குழந்தைகள் கொஞ்சம் பார்த்துப் பிடிக்கவும்.